மீண்டும் ஒரு முறை சோதிப்பது ஏன்?

பள்ளிவாசல் மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து எடுத்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை எழுதுகின்றோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று லயத்துக்குத் திரும்பிய தாய்க்குச் சில ஆண்டுகளுக்குப்பின் எலும்பிலோ ஈரலிலோ நோய் தலைகாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர், "மறுபடியும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்கிறார். "நோய் இன்னதென்று முன்பே தெரியுமே, மீண்டும் ஊசி குத்துவானேன்?" என்று வீட்டார் மனம் நோகின்றனர். நியாயமான அக்கேள்விக்கு விடை கூறுவதே நமது நோக்கமாகும்.

மார்பகப் புற்றணுக்கள் யாவும் ஒரே இயல்புடையன அல்ல. சிலவற்றில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் என்னும் பெண்மைச் சுரப்புகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. சிலவற்றில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். 1896-இல் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், நோய் முற்றிய பெண்களின் சூலகங்களை அகற்றியபின் கட்டி சுருங்கக் கண்டார். காரணம் அன்று விளங்கவில்லை. எல்வுட் ஜென்சன் என்ற அமெரிக்க அறிஞர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்தபின் அது துலங்கிற்று. இன்று சுரப்பு ஏற்பி உள்ளோர்க்கு டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளும், ஹெர்-2 மிகுந்தோர்க்கு டிராஸ்டுசுமாப் போன்ற ஊசி மருந்துகளும் உள்ளன.

ஆனால், பரவிய நோய் எப்போதும் முதற்கட்டியைப் போலவே இருப்பதில்லை. ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் நிலையும், ஒருவருக்கு ஹெர்-2 நிலையும் மாறியிருக்கக் காண்கின்றனர். புரொஜெஸ்ட்ரோன் ஏற்பி இன்னும் அதிகமாக மாறும். மருந்துக்கு அடங்கிய அணுக்கள் மடிய, அடங்காதவை பெருகுவது ஒரு காரணம். முதற்கட்டியிலேயே பலவகை அணுக்கள் கலந்திருந்தது மற்றொன்று. சோதனையில் நேரும் பிழையும் உண்டு. சில வேளைகளில் புதிதாய்த் தெரிவது புற்றே அன்று, காசநோய் என்றும் தெரியவரும். பழைய முடிவை மட்டும் நம்பினால் பயன்தரும் மருந்து விடுபட்டுப் பயனற்றது தொடரக்கூடும்.

எல்லோர்க்கும் இச்சோதனை இயலாது. நோய் எட்டாத இடத்தில் இருக்கலாம், நோயாளி தளர்ந்திருக்கலாம். எலும்புத் துண்டை மென்மையாக்கும் அமிலம் முடிவைக் கெடுப்பதும் உண்டு. அப்போது மருத்துவர் பழைய முடிவைக் கொண்டே நடத்துவார். இரு முடிவுகளும் மாறுபட்டால், நோயின் போக்கையும் எண்ணிப் பெரும்பாலும் புதியதையே பின்பற்றுவார்.

நம்மவர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மூணாறு, போடிமெட்டு வழியே தேனிக்கும் மதுரைக்கும் செல்வோரும், மறுபுறம் இறங்கிக் கோட்டயத்துக்கும், 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கும் செல்வோரும் நம்மிடை உளர். தங்கைக்கு நேர்ந்த புற்றுநோயின் துயரைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு நிலையத்தை நாடுவோரும் உளர். ஊர்விட்டு ஊர் செல்கையில் முதற் சோதனை அறிக்கை தொலைந்துவிடுகிறது. அதனை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகலும் எடுங்கள். சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டி எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் உள்ளதென்று குறித்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பினால், "ஏற்பியை மறுபடி சோதிக்க இயலுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.