உபகாரச் சம்பளம் இல்லாத காற்பந்து: கோர்ட்லண்ட் வென்ற பருவம்

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து என்றதும் லட்சம் பேர் அமரும் அரங்குகளும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும்தான் நினைவுக்கு வரும். அது மேல்தட்டு. அதற்கு வெகு கீழே, ஏறக்குறைய 240 கல்லூரிகள் மோதும் 'டிவிஷன் 3' இருக்கிறது.

என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, இந்தப் பிரிவில் விளையாட்டுத் திறனுக்காக உபகாரச் சம்பளம் கொடுக்கக்கூடாது. படிப்பில் கெட்டிக்காரர் என்றாலோ, குடும்பத்தில் வசதி குறைவு என்றாலோ உதவித்தொகை கிடைக்கலாம். பந்தை நன்றாக வீசுகிறார் என்பதற்காகக் கிடைக்காது. டிவிஷன் 1 கல்லூரிகளோ 2025 ஜூலை முதல் தங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு 20.5 மில்லியன் அமெரிக்க டாலர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பெயர்தான் காற்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் வீசுவதுமே பெரும்பகுதி. எதிரணியின் கோட்டைப் பந்தோடு கடந்தால் 'டச்டவுன்', 6 புள்ளிகள். உடனே ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் 1 புள்ளி. மீண்டும் பந்தோடு கோட்டைக் கடந்தால் 2. உதைப்பது பொதுவாகச் சுலபம். கடப்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

2023 பருவத்தின் முடிவு இந்த ஒரு விதியில்தான் தொங்கியது.

செப்டம்பரில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதிவரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், 10 ஆட்டங்கள். அந்த ஆண்டு அதன்பின் 32 அணிகள் வெளியேற்றுச் சுற்றுக்குச் சென்றன. ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லண்ட், உடற்கல்விப் படிப்புக்குப் பெயர்பெற்ற அரசுக் கல்லூரி. பக்கத்து ஊர் இத்தாக்கா கல்லூரியுடன் அது 1959 முதல் ஒரு ஜாடிக்காக மோதி வருகிறது. ஆம், ஜாடிதான் பரிசு! 2019இல் அந்த ஆட்டத்தைப் பார்க்க 45,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆனால் தேசியப் பட்டம் மட்டும் கோர்ட்லண்டுக்கு வாய்க்கவே இல்லை.

டிசம்பர் 15ஆம் தேதி, வெர்ஜீனியாவின் சேலம் நகரில் இறுதியாட்டம். எதிரே நடப்பு வெற்றியாளரான இல்லினாய்ஸின் நார்த் சென்ட்ரல். கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் நார்த் சென்ட்ரல் டச்டவுன் போட்டது. கோர்ட்லண்ட் 38, நார்த் சென்ட்ரல் 37. பந்தை உதைத்திருந்தால் சமநிலை, கூடுதல் நேரம். அவர்கள் உதைக்கவில்லை. 2 புள்ளிக்குப் போனார்கள். கோர்ட்லண்ட் தடுத்துவிட்டது. அதுவே இறுதி எண்ணிக்கை. அந்தக் கல்லூரியின் முதல் பட்டம்.

அந்த முடிவை அவசரம் என்று சொல்வோர் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 75 புள்ளிகள் விழுந்த ஆட்டத்தில் இரு தற்காப்புகளுமே களைத்துப் போயிருக்கும். கூடுதல் நேரம் யாருக்குச் சாதகம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே முயற்சியில் முடிக்க நினைத்ததில் நியாயம் இருக்கிறது.

டிவிஷன் 3இலிருந்து தொழில்முறை அணிக்குப் போவோர் மிகச் சிலரே. கடைசி ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் அன்றோடு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேலை தேடப் போனவர்கள். நார்த் சென்ட்ரல் அடுத்த பருவத்திலும் இறுதிக்கு வந்தது. 2025 ஜனவரியில் மவுண்ட் யூனியனை 41-25 என வென்று பட்டத்தை மீட்டது.