படுக்கைக்கு எவ்வளவு பெரிய எல்லை?

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை காதும் கேட்காது, தானாகச் சிறுநீர் கழிக்கவும் வராது. தாய் அதன் அடிவயிற்றை நக்கிவிட வேண்டும்; அந்தத் தூண்டலில்தான் வெளியேறும். வெளியேறியதையும் தாயே நக்கி விழுங்கிவிடும். ஐந்தாறு குட்டிகள் நெருக்கிக் கிடக்கும் படுக்கை ஈரமில்லாமல் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது வாரம், கால் ஊன்றத் தெரிந்ததும் நடப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். குட்டி தள்ளாடியபடியே படுக்கையை விட்டு நாலடி விலகிப் போகிறது, அங்கே கழித்துவிட்டுத் திரும்புகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. படுத்த இடத்தை நனைக்கக் கூடாது என்ற அறிவோடுதான் அது நம் வீட்டுக்கே வருகிறது.

பிறகு ஏன் ஹாலை நனைக்கிறது? கையளவுப் பொமரேனியன் குட்டியின் உயரத்துக்குத் தரையோடு தரையாகப் படுத்துப் பாருங்கள். அதற்குப் படுக்கை என்பது அந்த மெத்தைத் துணி மட்டுமே. சோபாவுக்குப் பின்புறம் வேறு ஊர்! ஆகவே முதலில் அடைப்பு போட்ட ஒரு சிறு மூலை, அது சில வாரம் சுத்தமாக இருந்தால் ஓர் அறை, அப்புறம் வீடு. எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பதே பயிற்சி. முதல் நாளே வீடு முழுக்க ஓடவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

உடம்பின் கணக்கும் உண்டு. வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால், குட்டி அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது வளர்ப்பவர்களின் வாய்ப்பாடு. சிறிய இன நாய்களுக்குச் சிறுநீர்ப்பையும் சிறிது. அவற்றுக்கு அந்த மணிக்கணக்கையும் குறைத்தே எண்ண வேண்டும். உணவு விழுந்து இரைப்பை விரிந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், கைக்குழந்தைக்கும் இப்படித்தான். அதனால் சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அடிக்கடி போகிறதே என்று தீனியைக் குறைத்துவிடாதீர்கள். மிகச் சிறிய குட்டிகள் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

மோப்பம் அடுத்த சிக்கல். நமக்கு வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். பினாயிலால் துடைத்த தரை நமக்குத்தான் சுத்தம்; பழைய வாடையை முகர்ந்து குட்டி அங்கேயே திரும்பும். அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீர் வாடையையே ஒத்தது. கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்தான் உதவும். அதே மூக்கை நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம்: சிறுநீரில் நனைந்த காகிதத் துண்டைப் பால்கனியில் நாம் விரும்பும் இடத்தில் போட்டு வைத்தால், மறுமுறை குட்டி தானே அங்கே முகரும். தடுப்பூசிகள் முடியும்வரை பார்வோ கிருமிக்கு அஞ்சித் தெருவில் இறக்க முடியாத நாட்களில் இது பெரிய உதவி.

அடிப்பது மட்டும் வேண்டாம். தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி நிற்பதைப் பார்த்து, ‘தப்பு செய்தது அதுக்கே தெரியுது’ என்கிறோம். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தவறே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அப்படியே நின்றன. அந்த முகம் நம் கோபத்துக்கான பதில். அடிபட்ட குட்டி நம் கண் முன்னால் கழிக்கப் பயந்து, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து கழிக்கும். சரியான இடத்தில் கழித்து முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே, ஒரு வாய் வேகவைத்த கோழி கொடுங்கள். உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசாகவே அது எடுத்துக்கொள்ளும்.