ஒரு பேரெண்ணின் கதை

எண்களை வகைப்படுத்துவது கணித நூலோரின் பழைய வழக்கம். 1ஐவிடப் பெரிய முழு எண்களுள், 1ஆலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண் எனப்படும்; 7, 13, 31 போன்றவை இவ்வினம். ஏனையவை பகு எண்கள். 15ஐ 3, 5 என்னும் காரணிகளாகப் பிரித்துவிடலாம். சிறிய எண்களில் இப்பாகுபாடு எளிது. பேரெண்களில் அவ்வாறன்று. அங்கே எண்ணின் இனத்தை அறிவது ஒன்று. அதன் காரணிகளை அறிவது முற்றிலும் வேறொன்று.

சான்றாக ஓர் எண்ணைக் காண்போம். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையினின்று 1ஐக் கழித்தால் கிடைப்பது 14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட ஒற்றைப்படை எண். பிரெஞ்சு நாட்டுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதனைப் பகா எண் என்று குறித்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அக்கூற்று நிலைத்து நின்றது.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, தாம் வகுத்த ஒரு சோதனையைக் கொண்டு, இது பகு எண்ணே என்று காட்டினார். ஆனால் ஒரு காரணியையேனும் அவர் கண்டாரில்லை. தேங்காயை உடைக்காமலே, குலுக்கிப் பார்த்து உள்ளே நீர் உண்டென்று நாம் சொல்வதில்லையா? அது போன்றதே இது.

உடைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் கோல். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அதனை 134ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது விதி. அவ்விதி தேடலைக் குறைத்தது. ஆயினும் உழைப்பு பெரிது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் தம் விடையை அளித்தார்: 19,37,07,721ஐ 7,61,83,82,57,287ஆல் பெருக்கினால் அவ்வெண் வரும். வாய் திறவாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டார் என்றும் கூறுவர். இவ்விரு காரணிகளும் பகா எண்களே.

நம் நாட்டிற்கும் இத்துறையில் பெருமை உண்டு. 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர், எந்த எண்ணாயினும் அது பகா எண்ணா என்பதை ஐயமற அறியும் முறை ஒன்றை வகுத்தனர். இலக்கங்கள் கூடினாலும் அம்முறையில் உழைப்பு கட்டுக்கடங்காமல் பெருகுவதில்லை. ஆனால் அதுவும் இனத்தை மட்டுமே சொல்லும், காரணிகளைத் தாராது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். தில்லியிலோ மும்பையிலோ இருந்து ஊரிலுள்ள பெற்றோருக்குக் கைபேசி வழியே பணம் அனுப்புகிறோம். இத்தகைய செய்திகளைக் காக்கும் பூட்டுகளுள் ஒருவகை 1977இல் வகுக்கப்பட்டது. இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்து பெருக்குவர். பெருக்கிய தொகையை வெளியிடுவர். காரணிகளை மறைத்து வைப்பர். அத்தொகை இன்று அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்பதே அப்பூட்டின் வலிமை.

அது என்றும் அரிதாகவே இருக்கும் என்று எவரும் இதுவரை மெய்ப்பித்ததில்லை. ஆகவே, பேரெண்ணைப் பிரிக்கும் வழியை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கன்று. நாம் ஊருக்கு அனுப்பும் பணத்தின் காவலும் அதில் அடங்கியிருக்கிறது.