வீட்டிலேயே கோப்பு சர்வர்: எந்த ஹார்ட் டிஸ்க், எத்தனை நகல்? வாங்கும் முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: திருமணக் காணொலி, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரல்பதிவு, வீட்டுப் பத்திரத்தின் நகல் என ஒரு குடும்பத்தின் நினைவுகளும் ஆவணங்களும் இன்று பெரும்பாலும் கைபேசிகளிலேயே இருக்கின்றன. கைபேசி தொலைந்தாலோ பழுதானாலோ அவையும் உடன் போய்விடும். இந்த அச்சத்தாலும், இணையச் சேமிப்புக்கான மாதக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தாலும், வீட்டிலேயே ஒரு கோப்பு சர்வரை அமைத்துக்கொள்ளப் பலர் முன்வருகின்றனர்.

கூகுள் போட்டோஸ் சேவை வழங்கிவந்த அளவற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. அதன்பின் பதிவேற்றப்படும் படங்கள், மின்னஞ்சலுக்கும் சேர்த்து வழங்கப்படும் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கிடப்படுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப் காப்புநகலும் 2024 முதல் இதே 15 ஜிபி கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆனால், தவறாகத் திட்டமிடப்பட்ட சர்வர், கைபேசியைவிடப் பெரிய இழப்பை ஏற்படுத்தக்கூடும். குடும்பத்தினர் அனைவரின் கோப்புகளும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிடுவதே அதற்குக் காரணம்.

கோப்பு சர்வர் என்பது என்ன?

வீட்டின் ரவுட்டருடன் இணைக்கப்பட்டு, எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியே கோப்பு சர்வர். கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவை வீட்டு நெட்வொர்க் வழியாக அதிலுள்ள கோப்புகளைத் திறக்கவும் சேமிக்கவும் முடியும். இதற்கென்றே தயாரிக்கப்படும் பெட்டிகள் 'நாஸ்' என்று அழைக்கப்படுகின்றன.

இதை அமைக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சினாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்களின் ஆயத்த நாஸ் பெட்டி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது, பயன்படுத்தாத பழைய மேசைக்கணினியில் ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவுவது. மூன்றாவது, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியுடன் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை இணைப்பது.

தொழில்நுட்பத்தில் பழக்கமில்லாதோருக்கு முதல் வழி எளிது, செலவு கூடுதல். இரண்டாவது வழியில் டிஸ்க்குகளைச் சேர்க்க இடம் தாராளமாக இருக்கும். மூன்றாவது வழியில் மின்செலவு மிகக் குறைவு. ஆனால், யுஎஸ்பி இணைப்பு தளர்ந்தாலோ டிஸ்க்குக்குப் போதிய மின்சாரம் கிடைக்காவிட்டாலோ கோப்புகள் சிதைய வாய்ப்புண்டு. எனவே, தனி மின்இணைப்பு கொண்ட டிஸ்க்கையே அதனுடன் பயன்படுத்த வேண்டும்.

பிராசஸரும் ராமும் எவ்வளவு தேவை?

கோப்புகளைச் சேமித்து வழங்குவது கணினிக்குக் கடினமான வேலையன்று. பத்தாண்டு பழைமையான இரட்டை மைய பிராசஸரும் 4 ஜிபி ராமும் அதற்குப் போதும். ட்ரூநாஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் குறைந்தது 8 ஜிபி ராம் தேவை. காணொலிகளைச் சர்வரே வேறு வடிவத்துக்கு மாற்றித் தொலைக்காட்சிக்கு அனுப்ப வேண்டுமென்றால், அவ்வசதி கொண்ட பிராசஸர் வேண்டும். இன்டெல் நிறுவனம் 2011 முதல் தனது பல பிராசஸர்களில் இதற்கான 'குயிக் சின்க்' வசதியை வழங்கி வருகிறது.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நெட்வொர்க்தான். விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள கம்பி இணைப்பில், நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 110 எம்பி வரை கோப்புகளை அனுப்பலாம். இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றே பெரிய கோப்புகளை இதைவிட வேகமாகப் படித்துவிடும். எனவே, கோப்புகளைச் சேமிக்க விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்குவதில் வீட்டுப் பயனருக்குப் பெரிய பலன் இல்லை. இயங்குதளத்தை நிறுவச் சிறிய எஸ்எஸ்டி ஒன்று போதும்.

ரவுட்டரின் போர்ட் வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். விலை குறைந்த பல ரவுட்டர்களில் 100 மெகாபிட் போர்ட்டுகளே உள்ளன. 500 ஜிபி கோப்புகளை நகலெடுக்க ஜிகாபிட் இணைப்பில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் இணைப்பிலோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

பழைய கணினி இலவசமா?

வீட்டில் கிடக்கும் பழைய கணினியைப் பயன்படுத்தினால் செலவில்லை என்ற எண்ணம் முழுமையாகச் சரியன்று. சராசரியாக 60 வாட் எடுக்கும் கணினி ஆண்டு முழுவதும் இயங்கினால் சுமார் 525 யூனிட் மின்சாரம் செலவாகும். 20 வாட் எடுக்கும் சிறு பெட்டிக்குச் சுமார் 175 யூனிட் போதும். யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் என்று கொண்டால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 2,450 ரூபாய்; நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 9,800 ரூபாய். கட்டணப் படிநிலைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், தங்கள் மின்கட்டண ரசீதை வைத்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு கொள்ளளவு?

தற்போதுள்ள கோப்புகளின் அளவுடன், ஐந்து ஆண்டுகளில் சேரக்கூடியதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் மாதம் 8 ஜிபி அளவுக்குப் படங்களும் காணொலிகளும் எடுப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு 384 ஜிபி சேரும். ஐந்து ஆண்டுகளில் இது சுமார் 1.9 டிபி. ஏற்கெனவே 1 டிபி இருந்தால், மொத்தத் தேவை 2.9 டிபி. டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுவது நல்லது என்பதால், இக்குடும்பத்துக்கு 4 டிபி பொருத்தமாக இருக்கும்.

4 டிபி டிஸ்க்கைப் பொருத்தியபின் விண்டோஸ் கணினியில் 3.63 டிபி என்றே காட்டும். இது குறைபாடன்று. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் ஏற்படும் வேறுபாடு இது.

டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியது

கொள்ளளவைப் போலவே பதிவு முறையும் முக்கியம். 'சிஎம்ஆர்' எனப்படும் வழக்கமான முறையில், தரவுத் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே அமைந்திருக்கும். 'எஸ்எம்ஆர்' முறையில், கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடம் அடுத்த தடத்தின் ஓரத்தை மூடியிருக்கும். இதனால் குறைந்த இடத்தில் அதிகம் சேமிக்கலாம். ஆனால், ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்துள்ள தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து எழுதும் வேலைகளில் வேகம் பெரிதும் குறையும். பழுதான டிஸ்க்குக்குப் பதிலாகப் புதியதை வைத்துத் தரவை மீட்டமைக்கும்போது இது பெரும் சிக்கலாகும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பயன்பாட்டுக்கென விற்ற சில 'ரெட்' வகை டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறை இருந்தது 2020இல் தெரியவந்து சர்ச்சையானது. பின்னர் அந்நிறுவனம் எந்த மாதிரியில் எந்த முறை என்ற பட்டியலை வெளியிட்டதுடன், சிஎம்ஆர் டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்ற பெயரில் பிரித்தது. எனவே, மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைச் சரிபார்த்த பிறகே டிஸ்க் வாங்க வேண்டும். இணையத்தில் வாங்குவோர், வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ளிட்டு, இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ரெய்டு தரும் பாதுகாப்பும் அதன் எல்லையும்

பல டிஸ்க்குகளை ஒன்றிணைத்து இயக்கும் 'ரெய்டு' முறையை, அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர்.

ரெய்டு 1 முறையில் இரு டிஸ்க்குகளிலும் ஒரே தரவு எழுதப்படும். இரண்டு 4 டிபி டிஸ்க்குகளில் 4 டிபி இடம் கிடைக்கும். ரெய்டு 5 முறைக்குக் குறைந்தது மூன்று டிஸ்க்குகள் வேண்டும். மூன்று 4 டிபி டிஸ்க்குகளில் 8 டிபி கிடைக்கும். இரண்டிலும் ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும். ரெய்டு 0 முறையில் முழு இடமும் கிடைக்கும் என்றாலும், ஒரு டிஸ்க் பழுதானால் அனைத்தும் போகும். குடும்பக் கோப்புகளுக்கு இம்முறை அறவே கூடாது.

டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் இயங்க வேண்டும் என்பதே ரெய்டின் நோக்கம். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது இரு டிஸ்க்குகளிலும் அந்தக் கணமே அழியும். பிணைத்தொகை கேட்கும் ரான்சம்வேர், திருட்டு, இடி மின்னல், தீ ஆகியவற்றிலிருந்தும் ரெய்டு காக்காது.

ஓர் அலுவலகத்துக்கு ஒருநாள் சர்வர் முடங்குவது பெரும் இழப்பாகலாம். ஒரு குடும்பம் ஒருநாள் காத்திருக்கலாம். ஆனால், இழந்த படங்களைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே, இரண்டு டிஸ்க்குகளுக்கு மட்டுமே பணம் இருப்பின், அவற்றை ரெய்டாக இணைப்பதைவிட, ஒன்றைச் சர்வரிலும் மற்றொன்றைத் தனிக் காப்புநகலாகவும் வைப்பதே மேல். மூன்றாவது டிஸ்க் வாங்க முடிந்த பிறகு ரெய்டு பற்றி யோசிக்கலாம்.

மூன்று நகல், இரண்டு ஊடகம், ஓர் வெளியிடம்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய '3-2-1' விதி இதற்கு வழிகாட்டுகிறது. கோப்புகளுக்கு மூன்று நகல்கள் இருக்க வேண்டும். அவை இரு வேறு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அவ்விதி.

2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நினைவில் கொண்டால், வெளியிட நகலின் தேவை விளங்கும். மேசைமேல் சர்வரும் அலமாரியில் காப்பு டிஸ்க்கும் இருந்தாலும், ஒரே வெள்ளத்தில் இரண்டும் மூழ்கலாம். மறையாக்கம் செய்யப்பட்ட டிஸ்க் ஒன்றை வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்து, பண்டிகைக்குச் செல்லும்போது புதுப்பித்த டிஸ்க்கை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துவரலாம். பத்திரங்கள், சான்றிதழ்கள், தேர்ந்தெடுத்த படங்கள் போன்றவற்றை மட்டும் கட்டண இணையச் சேமிப்பில் வைப்பது மற்றொரு வழி.

கோப்பு முறைமையும் இதற்குத் துணைநிற்கும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய இரண்டும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணைச் சேமித்து, ஓசையின்றி நேரும் சிதைவைக் கண்டறிகின்றன. குறிப்பிட்ட நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதியால், தவறுதலாக அழித்த கோப்பையும் மீட்கலாம்.

மின்தடை, வெப்பம், தூசி

எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை சிதையக்கூடும். வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரத்தைத் தொடர்ந்து வழங்கினாலும், பேட்டரி தீரப்போவதைச் சர்வருக்குத் தெரிவிக்காது. யுஎஸ்பி இணைப்புள்ள சிறிய யுபிஎஸ், பேட்டரி குறைந்ததும் செய்தி அனுப்பி, சர்வர் தானே முறையாக நிற்க உதவும்.

மூடிய அலமாரிக்குள்ளோ சமையலறை அருகிலோ சர்வரை வைக்கலாகாது. காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, தூசியை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் 'ஸ்மார்ட்' பதிவுகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆயினும் அதை மட்டும் நம்பலாகாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறியீடுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை என்று தெரியவந்தது.

இணையத்துக்குக் கதவைத் திறக்கலாமா?

2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையின் குறைபாட்டைப் பயன்படுத்தியே ஊடுருவியது. 2021 ஜூனில், 2015க்குப் பின் மென்பொருள் புதுப்பிப்பு பெறாத 'மை புக் லைவ்' சேமிப்புக் கருவிகளுக்குள் இணையம் வழியாகப் புகுந்தவர்கள் பயனர்களின் தரவை அழித்தனர்.

எனவே, எஸ்எம்பி 1 நெறிமுறையை முடக்கிவைக்க வேண்டும். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து சர்வரை நேரடியாக இணையத்துக்குக் காட்டக் கூடாது. வெளியூரிலிருந்து கோப்புகளைப் பார்க்க வேண்டுமெனில், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியே நுழைவது பாதுகாப்பானது. புதுப்பிப்புகளை எத்தனை ஆண்டுகள் வழங்கப்போகிறார்கள் என்பதையும் வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

எதை முதலில் வாங்குவது?

வரவுசெலவு குறைவாக இருப்பின், முதலில் நல்ல சிஎம்ஆர் டிஸ்க்குகள் இரண்டு, அடுத்து யுபிஎஸ், பிறகு வெளியிட நகலுக்கான மூன்றாவது டிஸ்க் என்ற வரிசையில் செலவிடுவது பொருத்தமானது. வேகமான பிராசஸரும் கூடுதல் ராமும் அதன்பின் வந்தால் போதும்.

ஆண்டுக்கு இருமுறையாவது காப்பு டிஸ்க்கிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத நகலை நகலாகக் கருத முடியாது. சர்வரின் கடவுச்சொல்லும் மறையாக்கச் சாவியும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவருக்கு ஏதேனும் நேரும்போது குடும்பமே தன் கோப்புகளுக்கு வெளியே நிற்க நேரிடும். அவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்து, அந்த இடத்தை வீட்டில் மற்றொருவருக்கும் சொல்லி வைப்பது அவசியம்.