இரண்டாம் ஜஸ்டினியன்: மூக்கறுபட்டும் அரியணை மீட்ட பேரரசர்

இரண்டாம் ஜஸ்டினியன் பைசாந்தியப் பேரரசை இரு முறை ஆண்ட மன்னர் ஆவார். முதல் முறை 685 முதல் 695 வரையிலும், இரண்டாம் முறை 705 முதல் 711 வரையிலும் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) அமர்ந்து ஆட்சி செய்தார். இடைப்பட்ட பத்து ஆண்டுகளை மூக்கு அறுக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவராகக் கருங்கடலின் வடகரையில் கழித்தார். இதனால் கிரேக்க மொழியில் 'ரினோட்மெட்டோஸ்', அதாவது 'மூக்கறுபட்டவர்' என்ற பட்டப்பெயர் இவருக்கு ஏற்பட்டது. ஹெராக்ளியஸ் 610இல் தொடங்கிய அரச மரபு இவரோடு முடிவுற்றது. ஹேகியா சோபியா தேவாலயத்தைக் கட்டிய முதலாம் ஜஸ்டினியன் (ஆட்சி 527–565) இவருக்கு முற்பட்ட வேறொரு மன்னர்.

மூக்கறுப்புத் தண்டனை

பைசாந்திய மக்கள் தம் பேரரசரை இவ்வுலகில் கடவுளின் பிரதிநிதியாகக் கருதினர். எனவே அரியணையில் அமர்பவருக்கு உடற்குறை இருக்கலாகாது என்பது வழக்கம். இந்த நம்பிக்கையே அரசியல் ஆயுதமாகவும் பயன்பட்டது. எதிரியைக் கொல்லாமல் முகத்தைச் சிதைத்துவிட்டால் அவர் மீண்டும் அரசராக முடியாது. கொலைப் பழியும் நேராது.

641இல் இளம் பேரரசர் ஹெராக்ளோனாஸின் மூக்கும் அவருடைய தாய் மார்ட்டினாவின் நாக்கும் அறுக்கப்பட்டன. 681இல் நான்காம் கான்ஸ்டன்டைன் தம் உடன்பிறந்த தம்பியர் இருவரின் மூக்கை அறுக்கச் செய்தார். தம்பியர் ஆட்சியில் பங்கு கேட்கக் கூடாது, தம் மகனுக்கே அரியணை போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த மகன்தான் இரண்டாம் ஜஸ்டினியன். தந்தை கையாண்ட அதே தண்டனை பதினான்கு ஆண்டுகளில் மகனுக்கே வந்து சேர்ந்தது.

முதல் ஆட்சி

தந்தை இறந்தபோது ஜஸ்டினியனுக்கு வயது பதினாறு. ஆற்றலும் அவசரமும் ஒருங்கே அமைந்தவர். உமையா கலீபா அப்துல் மாலிக்குடன் உடன்படிக்கை செய்து, சைப்ரஸ் தீவின் வரி வருவாயை இரு அரசுகளும் பகிர்ந்துகொள்ள வழி செய்தார். 688–689இல் சிலாவியர்களை வென்று தெசலோனிக்கா வரை சென்றார். அவர்களில் பெருந்தொகையினரைச் சின்ன ஆசியாவில் குடியேற்றி, 30,000 பேர் கொண்ட படை திரட்டினார். ஆனால் அரேபியருடன் நடந்த செபாஸ்டோபோலிஸ் போரில் இவர்களில் பெரும்பாலோர் எதிரிப் பக்கம் சேர்ந்துவிட்டனர்.

பொற்காசில் இயேசு கிறிஸ்துவின் உருவத்தை முன்பக்கமாகப் பொறித்த முதல் பேரரசர் இவரே. தம் உருவத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். 692இல் இவர் கூட்டிய திருச்சபைப் பேரவையின் முடிவுகளை ஏற்க ரோமின் திருத்தந்தை முதலாம் செர்ஜியஸ் மறுத்தார். அவரைக் கைது செய்ய அனுப்பப்பட்ட அதிகாரி, இத்தாலியப் படைவீரர்களின் எதிர்ப்புக்கு அஞ்சித் திருத்தந்தையின் கட்டிலுக்கு அடியிலேயே ஒளிய வேண்டியதாயிற்று.

உள்நாட்டில் கட்டடப் பணிகளுக்காகக் கடும் வரி விதிக்கப்பட்டது. வரி வசூலித்த ஸ்டீபன், தியோடோட்டஸ் ஆகிய இரு அதிகாரிகளின் கொடுமை செல்வர்களையும் எளியவர்களையும் ஒன்றுபோல் வாட்டியது.

வீழ்ச்சியும் நாடு கடத்தலும்

தளபதி லியோன்டியஸ் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். 695இல் அவரை விடுவித்து, கிரேக்கப் பகுதியின் படைத்தலைமையை ஜஸ்டினியன் அளித்தார். ஆனால் லியோன்டியஸ் பொறுப்பேற்கப் புறப்படவில்லை. அன்றிரவே சிறைக் கதவுகளைத் திறந்து, கைதிகளைத் தம் பக்கம் சேர்த்து, மக்களையும் திரட்டி அரண்மனையைப் பிடித்தார். மறுநாள் தேர்ப்பந்தய அரங்கில் மக்கள் முன்னிலையில் ஜஸ்டினியனின் மூக்கும் நாக்கும் அறுக்கப்பட்டன. இரு வரி அதிகாரிகளையும் மக்கள் உயிரோடு எரித்தனர். நாக்கு முழுமையாக அறுக்கப்படவில்லை போலும். பின்னாளில் அவர் பேசியதாகவே நூல்கள் காட்டுகின்றன.

அவர் அனுப்பப்பட்ட இடம் கிரீமியாவின் கெர்சோன் நகரம். இது இன்றைய செவஸ்தபோல் அருகில் இருந்தது. பேரரசின் எல்லையிலிருந்த இந்நகருக்குத்தான் திருத்தந்தை முதலாம் மார்ட்டினும் முன்னர் நாடு கடத்தப்பட்டு, 655இல் அங்கேயே இறந்தார். ஜஸ்டினியனின் கதையும் அங்கேயே முடிந்துவிடும் என்றே தலைநகரில் எல்லாரும் கருதினர்.

கசர் நாட்டில்

698இல் அரேபியர் கார்த்தேஜ் நகரைக் கைப்பற்றினர். தோற்றுத் திரும்பிய கடற்படை அப்சிமார் என்ற அதிகாரியை மூன்றாம் டைபீரியஸ் என்ற பெயரில் பேரரசராக்கியது. லியோன்டியஸின் மூக்கும் அறுக்கப்பட்டு, அவர் மடத்தில் அடைக்கப்பட்டார்.

அரியணையை மீட்பேன் என்று ஜஸ்டினியன் கெர்சோனில் வெளிப்படையாகவே பேசிவந்தார். தங்களுக்கு ஆபத்து வரும் என அஞ்சிய நகரத்தார், அவரைக் கொல்லவோ தலைநகருக்குப் பிடித்து அனுப்பவோ முடிவு செய்தனர். செய்தியறிந்த அவர் தப்பி, கருங்கடலுக்கு வடக்கே ஆண்ட கசர் இனத்தவரின் ககானிடம் அடைக்கலம் புகுந்தார். ககான் தம் சகோதரியை அவருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். அப்பெண் ஞானஸ்நானம் பெற்றுத் தியோடோரா என்ற பெயர் ஏற்றார். முதலாம் ஜஸ்டினியனின் புகழ்பெற்ற மனைவியின் பெயரும் அதுவே. மூக்கிழந்த அகதி தம் மனைவிக்கு ஒரு பேரரசியின் பெயரைச் சூட்டியது அவர் எண்ணம் எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

டைபீரியஸ் பெரும் பரிசு தருவதாகச் சொல்ல, ககான் மனம் மாறினார். ஜஸ்டினியனைக் கொல்ல இரு அதிகாரிகள் ஏவப்பட்டனர். பணியாள் ஒருவர் மூலம் இதை அறிந்த தியோடோரா கணவரை எச்சரித்தார். ஜஸ்டினியன் இருவரையும் தனித்தனியே அழைத்துக் கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொன்றார். மனைவியை அவருடைய அண்ணனிடம் அனுப்பிவிட்டு, மீன்பிடி படகில் ஏறினார்.

கடலில் புயல் வீசியது. உயிர் பிழைத்தால் எதிரிகளை மன்னிப்பதாகக் கடவுளிடம் நேர்ந்துகொள்ளும்படி உடன்வந்தவர் ஒருவர் கெஞ்சினார். அவர்களில் ஒருவரை விட்டுவைத்தாலும் கடவுள் தம்மை இங்கேயே மூழ்கடிக்கட்டும் என்று ஜஸ்டினியன் பதில் சொன்னதாக வரலாற்றாசிரியர் தியோஃபனிஸ் எழுதுகிறார்.

தலைநகர் மீட்பு

தன்யூப் ஆற்று முகத்தை அடைந்தவர், பல்கர் மன்னர் டெர்வெலின் உதவியை நாடினார். 705இல் 15,000 குதிரைவீரர்களுடன் இருவரும் கான்ஸ்டான்டிநோபிள் மதிலை அடைந்தனர். மூன்று நாள் ஜஸ்டினியன் மக்களிடம் கதவைத் திறக்கக் கேட்டார். மதிலின் மீதிருந்து வசைகளே பதிலாக வந்தன. அந்த மதிலை உடைக்க எந்தக் குதிரைப்படையாலும் இயலாது. எனவே இரவில் சிலருடன் குடிநீர்க் குழாய் வழியே ஊர்ந்து நகருக்குள் புகுந்தார். டைபீரியஸ் தப்பியோட, நகரம் போரின்றிக் கைக்கு வந்தது. டெர்வெலுக்கு 'சீசர்' பட்டம் வழங்கப்பட்டது. அயல்நாட்டு மன்னர் ஒருவருக்கு இது அரிதினும் அரிதான சிறப்பு.

பழிவாங்கல்

லியோன்டியஸ், டைபீரியஸ் இருவரும் சங்கிலியிட்டுத் தேர்ப்பந்தய அரங்குக்கு இழுத்துவரப்பட்டனர். இருவர் கழுத்திலும் காலை வைத்தபடி ஜஸ்டினியன் பந்தயத்தைப் பார்த்தார். பின் இருவர் தலையும் வெட்டப்பட்டன. லியோன்டியஸுக்கு முடிசூட்டிய தலைமை ஆயர் கல்லினிக்கோஸ் கண்கள் பறிக்கப்பட்டு ரோமுக்கு அனுப்பப்பட்டார். டைபீரியஸின் தம்பியான தளபதி ஹெராக்ளியஸும் வேறு பல திறமையான அதிகாரிகளும் மதிலில் தூக்கிலிடப்பட்டனர். இதனால் அரேபியரை எதிர்கொள்ள வேண்டிய படை தன் தலைவர்களை இழந்தது.

ககானிடமிருந்து மனைவியையும் அங்கே பிறந்த மகன் டைபீரியஸையும் வரவழைத்தார். மகனை இணை அரசராக்கினார். 708இல், உதவிய டெர்வெல் மீதே படையெடுத்துத் தோற்றார். 709இல் இத்தாலியின் ரவென்னா நகரைத் தண்டித்து, அதன் பேராயர் பெலிக்ஸின் கண்களைப் பறித்தார். திருத்தந்தை கான்ஸ்டன்டைனை மட்டும் 711இல் மதிப்புடன் வரவேற்று இணக்கம் கண்டார். அதன்பின் 1967 வரை எந்தத் திருத்தந்தையும் அந்நகருக்குச் செல்லவில்லை.

முடிவு

இறுதியாக, தம்மைக் காட்டிக்கொடுக்க முயன்ற கெர்சோன் மீது கப்பற்படையை ஏவினார். நகரப் பெரியவர்கள் சித்திரவதை செய்து கொல்லப்பட்டனர். அதுவும் போதாமல் மேலும் படை அனுப்பவே, நகரத்தார் கசர்களின் துணையுடன் கிளர்ந்தெழுந்தனர். ஆர்மீனிய வழியினரான பர்தானிஸ் என்ற தளபதியைப் பிலிப்பிகோஸ் என்ற பெயரில் பேரரசராக அறிவித்தனர். நகரைப் பிடிக்க முடியாத கப்பற்படையும், வெறுங்கையோடு திரும்பினால் என்ன நேரும் என்று அறிந்து, அவர் பக்கமே சேர்ந்தது.

711 நவம்பரில் ஜஸ்டினியனின் படை அவரைக் கைவிட்டது. அவர் தலையை வெட்டியவர் எலியாஸ். தம் பிள்ளைகளை ஜஸ்டினியனின் ஆணையால் இழந்த தந்தை அவர். தலை ரோமுக்கும் ரவென்னாவுக்கும் அனுப்பிக் காட்டப்பட்டது. பிளாக்கெர்னே தேவாலயத்தில் பலிபீடத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவன் டைபீரியஸும் வெளியே இழுக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். நூறாண்டு கண்ட அரச மரபு அத்துடன் அழிந்தது.

மதிப்பீடு

இவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் தியோஃபனிஸ், நிகிஃபோரோஸ் ஆகியோரின் நூல்களிலிருந்து வருபவை. இருவரும் இவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர்கள். பகைமை மிகுந்த மூலங்களைப் பயன்படுத்தியவர்கள். கெர்சோனிலிருந்து திரும்பிய கப்பல்கள் புயலில் சிக்கி 73,000 பேர் மாண்டனர் என்பது போன்ற எண்களை அப்படியே ஏற்க இயலாது. எனினும் நிகழ்ச்சிகளின் போக்கில் ஐயமில்லை.

மூக்கறுபட்டவர் ஆளமுடியாது என்ற நம்பிக்கையை ஜஸ்டினியன் உடைத்தார். அதன்பின் அரசியல் எதிரிகளுக்கு மூக்கறுப்பு பயனற்றது என்று உணரப்பட்டு, கண்களைப் பறிப்பதே வழக்கமாயிற்று. அவரை முதல் முறை வீழ்த்தியது மக்களின் வெறுப்பு. இரண்டாம் முறை வீழ்த்தியது அவர் அச்சத்தால் மட்டுமே கட்டிவைத்திருந்த படை. மன்னிப்புக்கு இடமில்லை என்று தெரிந்த இடத்தில் தோற்ற வீரனுக்கும் கலகம் ஒன்றே வழியாகிறது. 695 முதல் 717 வரை ஏழு முறை அரியணை கைமாறிய குழப்பம், ஜஸ்டினியனிடமே பணியைத் தொடங்கிய மூன்றாம் லியோவின் காலத்தில்தான் ஓய்ந்தது.

கற்பனைக் கதை போன்ற இவ்வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் ஹாரி டர்டில்டவ், வேறொரு புனைபெயரில், 'ஜஸ்டினியன்' (1998) என்ற நாவலாக எழுதியுள்ளார்.