குழாய்க்கும் குளிரும்!

வேர்க்க விறுவிறுக்க அடுப்படியில் நின்றபடி இதைப் படிக்கும் சகோதரிகளுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். "தண்ணிக் குழாய்க்குப் போய் யாராவது குளிர் மருந்து ஊத்துவாங்களா?" என்று நானும்தான் சிரித்தேன், கனடாவின் கால்கரி நகருக்குக் குடித்தனம் வந்த புதிதில்.

2017 கோடையில் செகண்ட் ஹாண்டில் ஒரு கேம்பர் வேன் வாங்கினோம். வண்டிக்குள்ளேயே கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் சிங்க், வெந்நீர் ஹீட்டர், டாய்லெட் எல்லாம் உண்டு. ராக்கி மலைப் பக்கம் போனால் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, சுடச்சுட மிளகு ரசம் வைத்து, அப்பளமும் பொரித்துவிடுவேன். ஓட்டல் செலவு மிச்சம், குழந்தைகளுக்கும் கொண்டாட்டம்.

வண்டியை விற்றவர், "குளிர் வந்தால் டாங்கில் இருக்கிற தண்ணீரைத் திறந்து விடுங்கள், போதும்" என்றார். என் கணவரும் அக்டோபரில் அப்படியே செய்து வண்டியைப் பூட்டி வைத்தார். அடுத்த மே மாதம் டாங்கை நிரப்பி பம்ப்பைப் போட்டாரோ இல்லையோ, சிங்குக்கு அடியிலிருந்து சர்ரென்று தண்ணீர்! பம்ப்பில் விரிசல், இரண்டு குழாய் மூட்டு உடைசல், அலமாரிப் பலகை ஊறி அப்பளமாய் உப்பிவிட்டது. அந்த வருஷம் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணம் ரிப்பேருக்குப் போயிற்று. மாமியாரிடம் போனில் விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

காரணம் ரொம்பச் சாதாரணம். தண்ணீர் ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்து, வெடித்துப் போய் நாம் திட்டு வாங்கியதில்லையா? அதே கதைதான். டாங்க் காலியானாலும் குழாய் வளைவிலும் பம்ப்பிலும் ஹீட்டரிலும் தண்ணீர் தங்கிவிடுகிறது. இங்கே மைனஸ் 25, 30 எல்லாம் சகஜம். நடுவில் 'சினூக்' என்று ஒரு வெதுவெதுப்பான காற்று வந்து சில மணி நேரத்தில் பனியை உருக்கிவிடும். குளிர் போச்சு என்று ஏமாந்தால் தொலைந்தோம்.

அடுத்த அக்டோபரில் இவர் உஷாராகிவிட்டார். "குழாயில் ஆன்ட்டிஃப்ரீஸ் ஊற்றணுமாம், கார் ரேடியேட்டருக்கு வாங்கினது மிச்சம் இருக்கு" என்று பச்சை நிறக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறக்கும்போதுதான் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்தார். எழுபது வயசு இருக்கும், பனியில் செருப்பு சறுக்க ஓடி வந்தார். "அதைக் குடிநீர்க் குழாயில் விடாதீங்க, அது விஷம்!"

கார்களுக்குப் போடுவதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். தித்திப்பாக இருக்குமாம், அதுதான் ஆபத்தே. குழந்தைகளும் நாய் பூனையும் ருசிக்குக் குடித்துவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். எங்கள் சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. வேன் சிங்கில் பல் தேய்க்கும்போது குழாயில் வாய் வைத்துக் குடிப்பது அவள் பழக்கம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாளே அந்தக் கேனைக் கராஜில் உயரத்தில் வைத்துப் பூட்டினோம்.

கேம்பர் வண்டிகளுக்கென்றே இளஞ்சிவப்பு நிறத்தில் தனியாக விற்கிறது. லேபிளில் புரோபிலீன் கிளைக்கால் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். அதையும் குழந்தை கைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும்.

அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்தபடிதான் இன்றுவரை செய்கிறோம். முதலில் ஹீட்டரை அணைத்து நன்றாக ஆறவிட வேண்டும். ஒரு குழாயைத் திறந்து அழுத்தம் போனபிறகே ஹீட்டரின் அடி மூடியைக் கழற்றலாம். சூட்டோடு கழற்றினால் கை வெந்துவிடும். நல்ல தண்ணீர் டாங்க், கழிவு டாங்க் எல்லாவற்றையும் காலி செய்து, வண்டியின் அடியிலுள்ள வடிகுழாய்களையும் திறந்துவிடுவோம். ஃபில்டரைக் கழற்றிவிடுவோம். எல்லாம் வடிந்ததும் திறந்தவற்றை மூடி, பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். மறந்தால் ஹீட்டரே 6 காலன், அதாவது சுமார் 23 லிட்டர் மருந்தை விழுங்கிவிடும்!

பிறகு பம்ப்பின் உறிஞ்சு குழாயை இளஞ்சிவப்பு கேனுக்குள் விட்டு பம்ப்பைப் போடுவார். நான் உள்ளே ஒவ்வொரு குழாயாகத் திறப்பேன். முதலில் பச்சைத்தண்ணீர்ப் பக்கம், அப்புறம் வெந்நீர்ப் பக்கம். ரோஸ்மில்க் நிறத்தில் வந்ததும் மூடிவிடுவேன். டாய்லெட்டையும் வெளி ஷவரையும் மறக்கக் கூடாது. கடைசியில் சிங்க், ஷவர் துளைகளில் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினால் அடி வளைவில் தங்கும் தண்ணீரும் உறையாது. எங்களுக்கு இரண்டு கேன் போதும்.

உறைபனி நாளில் வண்டியில் தங்க நேர்ந்தால் சூட்டுக்காகச் சமையல் அடுப்பை எரியவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வேனில் அதற்கான அலாரத்தை அவ்வப்போது சோதிப்பது என் வேலை.

மே மாதம் பிறந்ததும் கழுவும் படலம். இளஞ்சிவப்பு போகும்வரை நல்ல தண்ணீரை ஓடவிட்டு, 15 காலன் டாங்குக்குக் கால் கப் கணக்கில் வாசனை சேர்க்காத ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோம். குழாய்களிலெல்லாம் அந்த வாடை வந்ததும் மூடி, 12 மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி அலசு அலசு என்று அலச வேண்டியதுதான். சின்னவள் இப்போது பெரிய பெண். குழாயை முகர்ந்து பார்த்து, "அம்மா, இன்னும் ஒரு தரம்" என்று அவள்தான் சொல்கிறாள்.