கடல் கொண்ட கப்பல்கள் – 14: துணைக்குப் போன ‘வாம்பயர்’

1941 டிசம்பர் 10. மலாயாவின் கிழக்குக் கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றுக்குத் துணையாகப் புறப்பட்ட நாசகாரிகள் நான்கு. அதில் ஒன்று, எண்ணெய் படர்ந்த நீரிலிருந்து 225 பேரைத் தூக்கிக் கரை சேர்த்தது. ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘வாம்பயர்’ அது. நான்கே மாதத்தில், மட்டக்களப்புக் கடலில் அதன் மாலுமிகளைத் தூக்க வேறொரு கப்பல் வர வேண்டியதாயிற்று.

இளங்கப்பல் அல்ல அது. இங்கிலாந்தின் வைட் தீவில் கட்டி, 1917இல் கடலில் இறக்கியது. 1933இல் இன்னும் நான்கு பழைய நாசகாரிகளோடு சேர்த்து ஆஸ்திரேலியாவிடம் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த ஐந்தும் மத்தியதரைக் கடலுக்கு வந்தபோது, ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் ‘பழைய இரும்புக் கூட்டம்’ என்று கேலி பேசினார். மாலுமிகள் கோபப்படவில்லை, அதையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டார்கள். கிரேக்கத்திலிருந்து படைகளை மீட்டது வரை அங்கே வேலை பார்த்துவிட்டு, 1941இல் பழுதுபார்ப்புக்காக வாம்பயர் சிங்கப்பூர் வந்தது. ஜப்பான் போரில் இறங்கியபோது அது அங்கேதான் இருந்தது.

1942 ஜனவரி 26 இரவு, மலாயாவின் எண்டாவில் இறங்கும் ஜப்பானியரைத் தாக்க வாம்பயரையும் அதைப்போலவே வயதான ‘தானெட்’ என்ற பிரிட்டிஷ் நாசகாரியையும் அனுப்பினார்கள். எதிரே ஒரு குரூசரும் பல நாசகாரிகளும். இதைத் துணிச்சல் என்று எழுதுவோர் உண்டு. அனுப்ப வேறு கப்பல் இல்லை என்பதே என் கணிப்பு. விட்ட டார்பிடோக்கள் குறி தவறின. தானெட் மூழ்கியது. வாம்பயர் மட்டும் சிங்கப்பூர் திரும்பியது.

பிறகு இலங்கை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியக் கடற்படைத் தளபதி நாகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்தது திருகோணமலைதான் என்று தெரிந்ததும், துறைமுகத்தில் சிக்கிவிடாதிருக்க 8ஆம் தேதி இரவு ‘ஹெர்ம்ஸ்’ என்ற விமானந்தாங்கியைத் தெற்கே அனுப்பினார்கள். துணைக்கு வாம்பயர். விமானந்தாங்கி என்று பெயர்தான்; தாங்க அதில் ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில் நின்றன. மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால் போனவை, திருகோணமலையின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் பாதுகாப்புக்குள் வந்துவிட வேண்டுமென்று வடக்கே திரும்பின. அதற்குள் ஜப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது.

பத்தரை மணி தாண்டியதும் குண்டுவீச்சு தொடங்கியது. சுமார் இருபது நிமிடத்தில் ஹெர்ம்ஸ் இல்லை. அதிலிருந்த 300க்கும் மேற்பட்டோரும் இல்லை. அடுத்து வாம்பயர். முதல் உலகப் போரில் கப்பல்களைச் சுடுவதற்காகப் பொருத்திய அதன் பெரிய பீரங்கிகளை, தலைக்கு மேலிருந்து பாயும் விமானத்தை நோக்கி நிமிர்த்தவே முடியாது. குண்டுகள் விழுந்து கப்பல் நின்றதும், கப்பலைக் கைவிடும்படி தளபதி வில்லியம் மோரன் உத்தரவிட்டார். பிறகு விழுந்த குண்டில் அது இரண்டாக உடைந்தது. மோரனையும் சேர்த்து இறந்தவர்கள் எட்டுப் பேர்தான். அந்த உத்தரவு சற்றுப் பிந்தியிருந்தால் கணக்கு வேறு. உதவிக்குக் கேட்ட போர்விமானங்கள் வந்தபோது இரண்டு கப்பல்களும் அடியில் கிடந்தன.

அருகில் சென்றுகொண்டிருந்த ‘வீட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பல் ஏறக்குறைய 590 பேரை மீட்டது. கரைக்கு நீந்தி வந்தவர்களும் உண்டு.

டிசம்பரில் புறப்பட்ட அந்த நான்கு நாசகாரிகளில் ‘டெனடோஸ்’ ஏப்ரல் 5 அன்றே கொழும்புத் துறைமுகத்தில் மூழ்கியது. ‘எக்ஸ்பிரஸ்’ ஒன்றுதான் தப்பி, 1943இல் கனடாவுக்குப் போனது. நான்காவதான ‘எலெக்ட்ரா’ பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடலில் மூழ்கியது. 1941இல் ‘ஹூட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியபோது, அதிலிருந்த 1,418 பேரில் உயிரோடு மிஞ்சிய மூவரைக் கண்டெடுத்ததும் இந்த எலெக்ட்ராதான். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.